கொலைக் கணக்கும் வாக்குக் கணக்கும்

நாட்டில் நிகழும் கொடுமைக்கு நாட்டை ஆள்பவனே பொறுப்பாளி என்பது பழந்தமிழ் இலக்கியங்கள் பலவற்றில் காணப்படும் அரசியல் அறம். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் தீர்ப்புப் பிழைத்ததை உணர்ந்த கணத்திலேயே உயிர் துறக்கின்றான். முடியாட்சியில் பொறுப்பு ஒருவனிடத்தே குவிந்திருந்தமையால் பழியைப் பங்கிடும் தொல்லை எழவில்லை. குடியாட்சியிலோ ஆட்சியுரிமை கோடிக்கணக்கான வாக்காளரிடையே சிதறிக் கிடக்கின்றது. ஒரு பிரதேசத்திற் கொலைகள் மலிந்திருக்க, அப்பிரதேசத்தார் தொடர்ந்து ஒரே கட்சிக்கு வாக்களித்து வருவாராயின், அக்கொலைகளின் பழி வாக்களித்தோரைச் சாருமா என்பது இன்றைய அறவியல் எதிர்நோக்கும் வினாக்களுள் ஒன்று. அண்மைக் காலத்தில் இவ்வினா மிகுந்த சூட்டுடன் விவாதிக்கப்பட்ட நாடு ஐக்கிய அமெரிக்கா ஆகும்.

2020ஆம் ஆண்டில் அந்நாட்டின் கொலை வீதம் முன்னைய ஆண்டினும் ஏறத்தாழ 30 சதவீதத்தால் உயர்ந்தது. இலட்சம் பேருக்கு 6 என்றிருந்தது 7.8 ஆயிற்று. மிசிசிப்பி மாநிலத்தில் அது 20.5; லூசியானாவில் 19.9. சனாதிபதித் தேர்தல் நடைபெற்ற ஆண்டும் அதுவே. ஆகவே இரு கணக்குகளும் அருகருகே வைத்து நோக்கப்பட்டமை வியப்பன்று. குடியரசுக் கட்சிக்கு வாக்களித்த மாநிலங்களிற் கொலை வீதம் ஏனையவற்றிலும் 40 சதவீதம் மிகுதி என ‘தேர்ட் வே’ என்னும் நிறுவனம் 2022இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் ‘ஹெரிட்டேஜ் பவுண்டேஷன்’ மறுப்புரைத்தது. அம்மாநிலங்களிற் கொலைகள் நிகழ்வது ஜனநாயகக் கட்சியின் கையிலுள்ள நகரங்களிலேயே என்பது அதன் வாதம். மாநிலத்தை அலகாகக் கொண்டால் ஒரு கட்சி குற்றவாளி. நகரத்தை அலகாகக் கொண்டால் மற்றைய கட்சி குற்றவாளி. இறந்தவர்களோ இரு கணக்கிலும் அதே மனிதர்கள்.

இவ்வாறான கணக்கின் இடர்ப்பாட்டை டபிள்யூ. எஸ். ரொபின்சன் என்னும் சமூகவியலாளர் 1950இலேயே விளக்கியுள்ளார். 1930ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை அவர் ஆராய்ந்தார். வெளிநாட்டிற் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாதோர் குறைவாகவே காணப்பட்டனர். இதனைக் கொண்டு, குடியேறியோர் பிறரைவிட எழுத்தறிவு மிக்கவர் எனக் கூறலாமா? தனிமனிதர்களை எண்ணிப் பார்த்தபோது உண்மை நேர்மாறாக இருந்தது. குடியேறியோரிடையேதான் எழுத்தறியாதோர் மிகுதி. கல்வி பரவியிருந்த மாநிலங்களிலே அவர்கள் சென்று தங்கினர். அயலாரின் எழுத்தறிவு அவர்களின் கணக்கில் ஏறிவிட்டது. ஒரு பிரதேசத்தின் இயல்பு அங்கு வாழும் ஒவ்வொருவரின் இயல்புமாகாது. எண்களைக் கையாள்வோர் அனைவரும் இதனை அறிவர்; தேர்தற் காலத்தில் மட்டும் பலருக்கு மறந்துபோகின்றது.

வரலாறு தரும் சான்று இதனினும் வலியது. எச். வி. ரெட்பீல்ட் என்னும் செய்தியாளர் வடக்கினதும் தெற்கினதும் கொலைகளை ஒப்பிட்டு 1880இல் ஒரு நூல் வெளியிட்டார். தென் மாநிலங்களின் கொலை வீதம் வடக்கினதைப் போலப் பன்மடங்கு என்பது அவர் கண்ட முடிபு. அக்காலத் தெற்கு ஜனநாயகக் கட்சியின் அசையாத கோட்டை. 1876 முதல் 1944 வரை மிசிசிப்பி ஒரு சனாதிபதித் தேர்தலிலேனும் அக்கட்சியைக் கைவிடவில்லை. 1960களின் குடியுரிமைப் போராட்டத்தின் பின்னர் தெற்கு படிப்படியாக மறுபுறம் சாய்ந்தது. 1980 முதல் மிசிசிப்பி ஒவ்வொரு முறையும் குடியரசுக் கட்சியையே தெரிந்துள்ளது. வாக்கு தலைகீழாக மாறியது. கொலையிற் தெற்கு முன்நிற்பது மாறவில்லை. எனவே இரண்டிற்கும் அடியில் வேறொன்று கிடக்கின்றது. அடிமை முறையின் எச்சம், வறுமை, நீதிமன்றை நம்பாது தானே பழிதீர்க்கும் மரபு, துப்பாக்கியின் பெருக்கம் எனப் பலவற்றை ஆய்வாளர் சுட்டுவர். நிஸ்பெற், கோகன் ஆகிய உளவியலாளர் இருவரும் 1996இல் வெளியிட்ட நூலில் மானங் காக்கும் பண்பாட்டினையே முதன்மைக் காரணமாகக் கொண்டனர். அக்காரணத்தை மட்டும் கொள்வது போதாது. வறுமையையும் நிறபேதத்தையும் அது பின்தள்ளிவிடுகின்றது.

‘பிரதேசத்தின் வாக்கு’ என்ற தொடரும் ஐயத்திற்குரியது. மிசிசிப்பியின் 1890ஆம் ஆண்டு யாப்பு, கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கும் நோக்குடனேயே வரையப்பட்டது. வாக்குரிமையைப் பறிக்கும் குற்றங்களாகத் திருட்டு, இலஞ்சம், தீவைப்பு, பொய்ச்சத்தியம், இருதாரமணம் முதலியன அதில் நிரற்படுத்தப்பட்டன. கறுப்பினத்தவர் மிகுதியாகச் செய்வர் என அன்றைய வெள்ளையர் எண்ணிய குற்றங்கள் இவை. கொலை அப்பட்டியலில் இடம்பெறவில்லை. 1968இலேயே அது சேர்க்கப்பட்டது. திருடியவன் வாக்கிழந்தான், கொன்றவன் வாக்களித்தான். எழுபத்தெட்டு ஆண்டுகள் நிலைத்த இவ்வேற்பாட்டின்கீழ் மிசிசிப்பி அளித்த வாக்கை அங்கு வாழ்ந்தோர் அனைவரின் வாக்கு எனக் கொள்ள எவருக்கும் உரிமையில்லை. இன்றும் அந்நாட்டிற் கொலையுண்போருள் கறுப்பினத்தவரின் பங்கு அவர்தம் தொகையின் அளவை மிக விஞ்சியது. தென் மாநிலங்களில் அம்மக்களுட் பெரும்பாலோர் வெற்றிபெறும் கட்சிக்கு வாக்களிப்பவர் அல்லர். கொலைக் கணக்கில் நிறைந்திருப்போர் ஒரு சாரார். வாக்குக் கணக்கை வெல்வோர் இன்னொரு சாரார். இரண்டையும் ஒரே தொகுதியின் இரு குணங்களாகக் கொள்வதிலேயே அறப் பிழை தொடங்குகின்றது.

அங்ஙனமாயின் வாக்காளன் பழியற்றவன் என விட்டுவிடலாமா? அதுவும் பொருந்தாது. காரணம் வேறு, பழி வேறு, பொறுப்பு வேறு. ஒரு கொலைக்குக் காரணமாகாதவனும், அடுத்த கொலையைத் தடுக்கும் அதிகாரத்தில் தனக்குப் பங்கிருப்பின், அதன் பொருட்டு விடை கூறக் கடமைப்பட்டவன். இக்கடமை கட்சியின் நிறத்தைச் சார்ந்து எழுவதன்று. குறித்த சட்டங்களையும் குறித்த அதிகாரங்களையும் சார்ந்தே எழுகின்றது. மிசூரி மாநிலத்தின் சென் லூயிஸ் நகரம் இதனைத் தெளிவாக்கும். 1876இல் அந்நகரம் தன்னைச் சூழ்ந்த மாவட்டத்திலிருந்து பிரிந்து தனித்தது. பின்னர் வசதி படைத்தோர் எல்லைக்கு அப்பாற் குடிபெயர, 1950இல் எட்டரை இலட்சமாயிருந்த குடித்தொகை 2020இல் மூன்று இலட்சமாகச் சுருங்கியது. 2020இல் அங்கு 260இற்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். எல்லைக்கோட்டைப் புறநகர்களையும் அடக்கி வரைந்திருந்தால், ஓர் உயிரேனும் மீளாமலே வீதம் வெகுவாகத் தாழ்ந்திருக்கும்.

நகரத்தை நிருவகிப்பது ஜனநாயகக் கட்சி என்பது மெய். ஆனால் துப்பாக்கி பற்றிய சட்டத்தை இயற்றுவது குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மையாயுள்ள மாநிலச் சட்டமன்றம். நகரம் தனக்கெனக் கடுமையான விதி வகுத்துக்கொள்ள இடமில்லை. கைத்துப்பாக்கி வாங்குவோர் முன்கூட்டி அனுமதி பெறவேண்டும் என்ற விதியை மாநிலம் 2007இல் நீக்கியது. பொலிஸ் நிர்வாகத்தின் கதை இன்னும் விந்தையானது. 1861இல், உள்நாட்டுப் போர் மூண்ட வேளையில், தென்னவர்பாற் சாய்ந்திருந்த ஆளுநர் நகரப் பொலிசை மாநிலத்தின் கைக்கு மாற்றினார். போர் முடிந்து ஒன்றரை நூற்றாண்டாகியும் அந்நிலை மாறவில்லை. 2012 நவம்பரில் மாநிலம் முழுவதும் நடைபெற்ற வாக்கெடுப்பில், பொலிசை நகரத்திடமே ஒப்படைக்கலாம் எனப் பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தனர். அதே நாளில் அதே மாநிலம் சனாதிபதிப் பதவிக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளருக்குப் பெரும்பான்மை வாக்களித்தது. அவர்களுட் கணிசமானோர் இரண்டையும் ஒருங்கே செய்திருத்தல் வேண்டும். நிறத்தை மட்டும் எண்ணும் கணக்கு, இம்மனிதரின் முதல் வாக்கைக் காண்கின்றது. நகரத்து உயிர்களோடு நேரடித் தொடர்புடைய இரண்டாவது வாக்கை அது காண்பதில்லை.

2013இல் நகரம் பொலிசைப் பொறுப்பேற்றது. 2020இன் உச்சத்திற்குப் பின்னர் கொலைகள் குறையத் தொடங்கி 2024இல் ஏறத்தாழ 150 ஆயின. நாடெங்கும் அக்காலத்தில் இறக்கமே காணப்பட்டமையால் நகரம் முழுப் பெருமையையும் கோரமுடியாது. 2025 மார்ச்சில் மாநிலச் சட்டமன்றம் அதிகாரத்தை மீண்டும் எடுத்துக்கொண்டது. பொலிஸ் சபையின் பெரும்பான்மை உறுப்பினரை இனி நியமிப்பவர் ஆளுநர். 2012இல் தாம் அளித்த தீர்ப்பு இவ்வாறு மாற்றப்பட்டதற்கு மிசூரி வாக்காளர் தம் பிரதிநிதிகளிடம் விளக்கம் கேட்டனரா என்பதே அங்கு கேட்கத்தக்க கேள்வி. சென் லூயிசின் ஒரு தெருவில் மகனை இழந்த தாய், இனி நகர முதல்வரின் வாயிலுக்குச் செல்வதா, ஆளுநரின் வாயிலுக்குச் செல்வதா என்பதையும் அவர்களே கூறவேண்டும்.