எவரும் காணாத ஓர் அடி

நாம் சிறுவராய் ஆடிய ஆட்டங்களில் முடிவு சொல்ல ஒருவர் வேண்டியிருந்தார். அவர் இல்லாத நாளில் உரக்கக் கத்தியவனே வென்றான். கோல்ஃப் ஆட்டம் இதற்கு விலக்கு. பரந்த புல்வெளியில் 18 குழிகள். தடியால் பந்தை அடித்து ஒவ்வொன்றிலும் சேர்க்கவேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவர். பந்தைக் கிடந்த இடத்தில் கிடந்தபடியே அடிக்கவேண்டும் என்பது தலையாய விதி. புல்வெளியில் அதை அசைத்துவிட்டால் ஓர் அடி தண்டம். பெரும்பாலும் நடுவர் உடன் வருவதில்லை. தன் குற்றத்தைத் தானே சொல்லித் தண்டத்தையும் தானே ஏற்கவேண்டும்.

செல்வர் ஆட்டத்துக்கு இப்பக்கங்களில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். பொறுத்தருள்க. நம் கண் ஆட்டத்தின் மேலன்று, ஒரு மனிதரின் மேல்.

1925-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் அந்நாட்டின் ஓப்பன் போட்டி நடந்தது. ஊதியம் பெறாது ஆடிய பாபி ஜோன்சுக்கு அப்போது வயது 23. முதற்சுற்றில் 11-ஆம் குழியருகே அடர்ந்த புல்லில் கிடந்த பந்தை அடிக்க நின்றார். பந்து இம்மியளவு அசைந்தது. வேறெவரும் காணவில்லை. அதிகாரிகள் விசாரித்தனர், சான்று கூறுவார் இல்லை, முடிவை அவரிடமே விட்டனர். அவரோ தம் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். நான்கு சுற்றுகளின் முடிவில் அவரும் வில்லி மக்ஃபார்லனும் 291 அடிகளுடன் சமமாய் நின்றனர். கூட்டிய அந்த ஓர் அடி இல்லையேல் பட்டம் ஜோன்சுடையது. மீண்டும் 18 குழிகள் ஆடினர், அப்போதும் சமம். மேலும் 18 ஆடியபின் மக்ஃபார்லன் ஓர் அடியில் வென்றார்.

பாராட்ட வந்தவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காமல் இருந்ததற்காக ஒருவனைப் புகழ்வீர்களா என்னும் பொருள்பட ஜோன்ஸ் மறுமொழி கூறியதாகச் சொல்வர்.

இதைத் தாழ்ச்சி என்று சொல்லிவிட நாம் விரைகின்றோம். அது தாழ்ச்சியன்று, சரியான கணக்கு. கடமை வேறு, கடமைக்கு மேற்பட்ட நற்செயல் வேறு என்று குருமடத்தில் அறநெறியியல் கற்றபோது படித்தோம். ஈகின்றவன் தன் பொருளைத் தருகின்றான். கடனைத் தீர்ப்பவனோ பிறனுக்குரியதைத் திருப்பித் தருகின்றான். ஜோன்ஸ் வாய்மூடி இருந்திருந்தால் மக்ஃபார்லனுக்குச் சேரவேண்டியதை அல்லவா வைத்துக்கொண்டிருப்பார்?

இதை ஒப்புக்கொண்டால் நம் பழக்கம் ஒன்று நெருடுகின்றது. தவறவிட்ட பணப்பையைத் திருப்பித் தந்த ஆட்டோ ஓட்டுநருக்கு மாலையிட்டுப் படம் எடுக்கின்றோம். அவர் எடுத்துக்கொள்வார் என்றல்லவா நாம் எதிர்பார்த்திருந்தோம்? அதையே ஒரு வணிகர் செய்தால் மாலை ஏது? புகழ்ச்சிக்குள்ளே ஓர் இழிவும் ஒளிந்திருக்கின்றது போலும்.

ஆயினும் நம் மனம் முழுதும் இணங்கவில்லை. கடனேயானாலும் அதைத் தீர்க்க ஜோன்ஸ் ஒரு பட்டத்தையே இழந்தார். அத்தனை விலை கொடுத்தவரை வெறுமனே தலையசைத்து அனுப்பிவிட நமக்கு இயலவில்லை. அமெரிக்கக் கோல்ஃப் சங்கத்தாருக்கும் இயலவில்லை. நேரிய ஆட்டப்பண்புக்கென 1955-இல் அவர்கள் ஒரு விருதை ஏற்படுத்தினார்கள். அதற்கு ஜோன்சின் பெயரையே வைத்தார்கள். அப்போது அவர் உயிரோடிருந்தார்.