அளவைக்கு அகப்படாத உள்ளம்

உள்ளத்தை அளக்க இயலுமா? 1879ஆம் ஆண்டில் செருமனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்கெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் கண்டார். ஓசையைக் கேட்டவர் விசையை அழுத்துமுன் கழியும் நொடிப்பின்னத்தை அங்குக் கருவிகள் குறித்தன. மெய்யியலின் மடியில் வளர்ந்த உளவியல் தனி அறிவியலாயிற்று.

அளந்தவரே அளவையின் எல்லையையும் உணர்ந்திருந்தார். இதனைப் பலர் எடுத்துரைப்பதில்லை. மொழியும் தொன்மமும் வழக்கமும் கூட்டு வாழ்வின் விளைவுகள், ஆய்வுக்கூடத்துள் அடங்கா எனக் கருதிய வுண்ட், அவற்றை ஆராய்ந்து பத்துத் தொகுதிகள் எழுதினார்.

பேராக் மாநிலத்தார்க்கு இஃது ஏட்டுச் செய்தி அன்று. ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. நோயாளிக்கு இடமளித்த அவ்வூரின் பெயரையே மக்கள் நாக்கு வசைச்சொல்லாக்கிற்று.

முன்னாளில் ரப்பர்த் தோட்டத்து லயம் ஒன்றில், மகனை இழந்த தாய் பேச்சொழிந்து அமர்ந்திருந்தாள் என்க. அவள் விடைகூறத் தாழ்க்கும் நேரத்தைக் கருவி குறிக்கும். அவள் ஒப்பாரியின் பொருளை அறியாது. அது கருவியின் குறையே. எனினும் கருவி அவளை இகழாது. அண்டை வீட்டாரோ பேய் பிடித்தவள் என்பர். ‘தஞ்சோங் ரம்புத்தான்’ எனச் சொல்லிச் சிரிப்பர். அச்சிரிப்புக்கு அஞ்சியே குடும்பத்தார் அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லாது மறைத்து வைப்பர்.

மெய்ப்பாட்டியலில் அழுகைக்குரிய நான்கு களங்களுள் இழவும் ஒன்று. நகைக்குரிய நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார் தொல்காப்பியர்.