கருணையும் கூலியும்

நற்பிட்டிமுனையிலிருந்து கல்முனை நகருக்குச் செல்லும் வீதியில் காலை வேளையில் இருவகை மனிதரைக் காணலாம். பாடசாலைக்கு விரையும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஒரு வகையினர். இராப்பணி முடித்து வீடு திரும்பும் தாதியர் மற்றொரு வகையினர். சீருடையை வைத்தியசாலையிலேயே மாற்றிவிட்டு, தோளிலே ஒரு பையும் கண்களிலே உறங்காத இரவின் கனமுமாக அவர்கள் நம்மைக் கடந்து செல்கின்றனர். நாம் உறங்கிக் கிடந்த நேரத்தில் யாரோ ஒருவருடைய மூச்சை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். எதிர்ப்படும்போது ஒரு புன்னகை செய்வதோடு நமது கடமை முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மருத்துவர்களுக்கு 35,000 ரூபாயால் உயர்த்தப்பட்ட கொடுப்பனவு தமக்கும் வேண்டும் என்று கோரி இந்நாட்டின் சுகாதாரத் துறைத் தொழிற்சங்கங்கள் பல வேலைநிறுத்தத்தில் இறங்கின. வைத்தியசாலைகளில் இராணுவத்தினர் பணிக்கு அமர்த்தப்பட்டனர். அந்நாட்களில் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முன்றிலிலும், ஏன், நமது ஆசிரியர் ஓய்வறையிலுங்கூட ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது: “நோயாளியைப் படுக்கையில் விட்டுவிட்டுச் சம்பளம் கேட்பவளும் ஒரு தாதியா? கருணைக்கும் கூலியா?”

இக்கேள்வியைப் பிற்போக்கானது என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அது நேர்மையாகாது. அரசாங்க வைத்தியசாலையை நம்பியிருப்பவர் யார்? வயலிலே கூலி வேலை செய்பவர்; கரைவலை இழுப்பவர்; சேலை நெய்பவர். வசதி படைத்தவர் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுவார். வேலைநிறுத்தத்தின் வலி முதலில் ஏழையின் உடம்பிலேதான் விழுகிறது. ஆகவே, அந்த ஏழைக்கு விடை கூறும் கடமை தாதியின் பக்கம் நிற்பவர்களுக்கு உண்டு.

தாதியின் வேலை என்ன? ஊசி போடுவது, மருந்து கொடுப்பது, புண்ணைக் கழுவுவது, வெப்பநிலை குறிப்பது என்று பட்டியலிடலாம். பட்டியலில் இடம்பெறாத வேலையொன்று உண்டு. அதுவே அவளை அதிகம் களைப்படையச் செய்கிறது. நம்மிடம் முன்னர் படித்து இன்று தாதியாகப் பணியாற்றும் ஒரு பெண், தன் கண்முன்னே ஒரு குழந்தை இறந்த இரவைப் பற்றி நம்மிடம் கூறினாள். தாய் தரையில் விழுந்து கதறினாள். அந்தத் தாயைத் தூக்கி நிறுத்தி, குழந்தையின் கண்களை மூடி, குறிப்பேட்டில் நேரத்தை எழுதிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அங்கே காய்ச்சல் தணிந்த வேறொரு பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள். “அழுறதுக்கு நேரம் இல்ல சேர். அந்தப் புள்ள என்ட முகத்தத்தானே பாத்துக்கிட்டு இருக்கு” என்றாள் அவள். வீட்டுக்கு வந்த பின்னரும் அழுகை வரவில்லையாம். மூன்று நாள் கழித்து, சோறு ஆக்கிக்கொண்டிருக்கையில் காரணமின்றி அழுகை வந்ததாம்.

ஆர்லி ஹொக்ஷில்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களின் வாழ்வை ஆராய்ந்து 1983இல் ஒரு நூலை வெளியிட்டார். தன் உண்மை உணர்ச்சியை அடக்கி, பிறருக்குத் தேவையான உணர்ச்சியை முகத்தில் வருவித்துக் காட்டுவதும் ஓர் உழைப்பே என்று அவர் நிறுவினார். அதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயரிட்டார். விமானத்திலே அந்தச் சிரிப்பு வாணிபத்துக்குரியது. நோயாளியின் கட்டிலருகே அது மருந்தின் ஒரு பகுதி. தாதியின் முகத்தில் அச்சம் தெரிந்தால் நோயாளியின் அச்சம் இருமடங்காகும். ஆகவே, அந்தச் சிரிப்பு போலியன்று. ஆயினும் அதற்கு ஒரு செலவு உண்டு. சுரங்கத் தொழிலாளியின் நுரையீரல் தேய்வதுபோல அவளுடைய மனம் தேய்கிறது. நுரையீரலின் தேய்வைக் கருவிகொண்டு காணலாம். மனத்தின் தேய்வைக் காண யாரும் முயல்வதில்லை.

இவ்வுழைப்பை உழைப்பென்று ஏற்காமல் இருப்பதற்குச் சமுதாயம் ஒரு வசதியான கருத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அன்பு பெண்ணின் இயல்பு என்பதே அது. மலரின் மணத்துக்கு எவரும் விலை கொடுப்பதில்லை. அதுபோலப் பெண்ணின் பரிவுக்கும் விலை வேண்டியதில்லை என்பது அதன் உட்பொருள். மூன்றாண்டுப் பயிற்சியும், உடற்கூற்று அறிவும், மருந்தளவின் கணக்கும், நள்ளிரவில் பத்துக் கட்டில்களில் எது முதலில் என்று தீர்மானிக்கும் மதிநுட்பமும் இயல்பினால் வந்துவிடுமா?

இதில் ஒரு முரண்பாட்டையும் நமது கரையோர ஊர்களிலே காணலாம். மகளை ஆசிரியையாக்க விரும்பும் பெற்றோர் பலர் தாதியாக்கத் தயங்குவர். இராப்பணியாம், அந்நிய ஆடவரைத் தொடவேண்டுமாம், கலியாணப் பேச்சு எழும்போது ஒரு முணுமுணுப்பு எழுமாம். அதே வீட்டில் ஒரு பெண் நோயுற்றால், “பெண் தாதி இல்லையா?” என்று முதலில் கேட்பவர்களும் அவர்களே. மதீனாப் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்து, போரிலே காயமுற்றோரைப் பராமரித்த ருபைதாவின் பெயர் இஸ்லாமிய வரலாற்றில் மதிப்போடு கூறப்படுகிறது. வரலாற்றுத் தாதியைப் போற்றிவிட்டு அடுத்த வீட்டுத் தாதியைப் பற்றி முணுமுணுப்பது எந்த அறம்?

போற்றுதலிலுங்கூட ஒரு சூழ்ச்சி உண்டு. புளோரன்ஸ் நைட்டிங்கேலை நாம் எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறோம்? கையில் விளக்கேந்திய மங்கையாக. 1854இல் கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி வைத்தியசாலைக்குச் சென்ற அவர், படைவீரர்கள் காயத்தைக் காட்டிலும் நோயினாலேயே அதிகம் மடிந்ததைக் கண்டார். நாடு திரும்பிய பின் புள்ளிவிவரங்களைத் திரட்டி, வரைபடங்களாக்கி, ஆட்சியாளரின் முகத்துக்கு நேரே நீட்டினார். 1858இல் இலண்டன் புள்ளிவிவரச் சங்கத்தின் முதற் பெண் உறுப்பினரானார். பாடப்புத்தகம் அவருடைய விளக்கை வைத்துக்கொண்டு கணக்கேட்டை மறைத்துவிட்டது. விளக்கேந்தியவள் எதையும் கேட்கமாட்டாள். கணக்கெழுதுபவள் கேட்பாள் அல்லவா?

கூலி கேட்பவளிடம் கருணை இராது என்பாருக்கு நாம் ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம். அது நடந்தது பம்பாயில்.

1973 நவம்பர் 27ஆம் நாள், கே. ஈ. எம். வைத்தியசாலையில் பணிபுரிந்த அருணா ஷான்பாக் என்ற இளந்தாதி, அங்கே வேலைசெய்த துப்புரவுப் பணியாளன் ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். நாயைக் கட்டும் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டதனால் மூளைக்கு உயிர்வளி செல்லாது போயிற்று. அன்றிலிருந்து அவர் பேசவில்லை, எழவில்லை. பம்பாய்த் தாதியர் அப்போது என்ன செய்தனர்? வேலைநிறுத்தம் செய்தனர். அருணாவுக்கு உரிய கவனிப்பும் தமக்குப் பாதுகாப்பான பணிச் சூழலும் வேண்டும் என்று கேட்டனர்.

அதே தாதியர் வேறொன்றும் செய்தனர். உணர்விழந்து கிடந்த தம் தோழியைக் குளிப்பாட்டினர், உணவூட்டினர், புரட்டிப் படுக்கவைத்தனர். படுக்கைப்புண் வராமல் காத்தனர். 1980களில் அக்கட்டிலை வேறு நோயாளருக்கு விடுவிக்கும் பொருட்டு அவரை வெளியேற்ற மாநகராட்சி முயன்றபோது, அவர்கள் போராடித் தடுத்தனர். அவரோடு பணியாற்றியவர்கள் ஓய்வு பெற்றனர். அவரை ஒருபோதும் நடமாடக் கண்டிராத புதிய தலைமுறைத் தாதியர் அப்பணியைத் தொடர்ந்தனர். 2015 மே 18ஆம் நாள் அவர் மறையும்வரை, 41 ஆண்டுகளுக்கு மேலாக அது நடந்தது.

இடையிலே, அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தி அமைதியாக இறக்கவிட வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி இந்திய உச்ச நீதிமன்றத்தை நாடினார். அத்தகைய வாழ்வு வாழ்வாகுமா என்று அவர் எழுப்பிய வினா நியாயமானதே. அன்பின் பெயரால் அதை வாயடைத்துவிட முடியாது. 2011 மார்ச் 7ஆம் நாள் நீதிமன்றம் அம்மனுவை ஏற்க மறுத்தது. அருணாவின் சார்பில் பேசும் உரிமை, அத்தனை ஆண்டுகள் அவரைப் பராமரித்த வைத்தியசாலை ஊழியருக்கே உண்டு என்று அது கருதியது. குருதியால் வராத உறவு, கைகளின் உழைப்பினால் வந்தது. அதைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது.

வேலைநிறுத்தம் செய்தவர்களும் 41 ஆண்டுகள் பராமரித்தவர்களும் ஒரே கூட்டத்தினர் என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். அவர்கள் வீதிக்கு வந்ததும் கட்டிலருகே நின்றதும் ஒரே காரணத்தினால்தான்: தாதியின் உயிரும் ஓர் உயிரே என்று அவர்கள் கருதினார்கள்.

“கருணைக்கும் கூலியா?” என்ற கேள்வியின் பிழை இப்போது தெளிவாகிறது. கூலி கருணையின் விலையன்று. 41 ஆண்டுகாலப் பராமரிப்பை எந்தச் சம்பளத்தாலும் வாங்கியிருக்க முடியாது. கூலி வாங்குவது வேறொன்றை: அவளுடைய நேரத்தை, அவளுடைய குழந்தையின் பாற்செலவை, போதிய உறக்கத்தை. முப்பது நோயாளருக்கு ஒருத்தி என்றிருந்தால் அவள் எத்தகைய நல்லவளாயினும் முப்பதாவது நோயாளியின்மீது எரிந்துவிழுவாள். தாதியரின் கடுஞ்சொல்லைப் பற்றி நாம் எல்லோரும் குறைகூறியிருக்கிறோம். அக்கடுஞ்சொல் ஏழையைக் காயப்படுத்துகிறது என்பதும் உண்மையே. ஆனால், அதிற் பாதியையாவது எழுதியது ஆட்பற்றாக்குறை என்பதை நாம் எண்ணிப் பார்த்தோமா? கருணை வேண்டும் சமுதாயம், கருணை வாழக்கூடிய நிலைமையை உண்டாக்கக் கடமைப்பட்டது.

2004 டிசம்பர் 26ஆம் நாளை இக்கரை மறவாது. இலங்கையில் ஆழிப்பேரலை அதிக உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்திலேதான். மருதமுனையும் பாண்டிருப்பும் சாய்ந்தமருதும் காரைதீவும் ஒரே காலையில் சிதைந்தன. காயமுற்றோருக்குக் கட்டுப்போட்ட கைகளிற் சில, தம் சொந்த உறவினர் உயிரோடு இருக்கின்றனரா என்று அறியாத கைகள். அப்போது நாம் அவர்களைத் தேவதைகள் என்றோம். தேவதைக்குப் பசியில்லை, உறக்கமில்லை, வாடகையில்லை. அந்தச் சொல் எவ்வளவு மலிவானது என்பதை 2022இன் பொருளாதார நெருக்கடி காட்டிற்று. வருமானம் விலைவாசியில் கரைந்தபோது, பயிற்சி பெற்ற தாதியர் பலர் வெளிநாடுகளுக்குப் போயினர். அவர்களைத் தடுக்கப் புகழ்ச்சியினால் முடியவில்லை.

ஏழை நோயாளிக்கு நாம் கூறவேண்டிய விடை யாது? தாதியர் போராடும்போது அவசர சிகிச்சையையும் உயிர்காக்கும் பணியையும் கைவிடலாகாது. அந்தக் கடப்பாட்டை அவர்களிடம் நாம் வற்புறுத்தலாம். ஆனால், அவர்களுடைய கோரிக்கையை நோயாளிக்கு எதிரானதாகக் காட்டுவோரை நாம் நம்பலாகாது. கட்டிலில் கிடப்பவனும் கட்டிலருகே நிற்பவளும் ஒரே பற்றாக்குறையின் இரு பக்கத்தினர்.

ஆசிரியர்களாகிய நாம் இதை எளிதில் உணரவேண்டும். சம்பளம் கேட்டு வீதிக்கு வந்தபோதெல்லாம், “ஆசிரியப் பணி அறப்பணி” என்ற அதே வாக்கியம் நமக்கும் வாசித்துக் காட்டப்பட்டது. நமக்கு வாசித்தபோது சினந்த நாம், தாதிக்கு வாசிக்கப்படும்போது தலையாட்டினோமெனில், நாம் கற்றதுதான் என்ன?

நம் மாணவியை மறுபடியும் அந்த வீதியிலே கண்டோம். முன்போலச் சிரித்துவிட்டுப் போகாமல், இரவு எப்படிக் கழிந்தது என்று நின்று கேட்டோம். அவள் சற்றுத் தயங்கினாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். பாடசாலை மணி அடித்தது. அன்று நாம் பிந்தித்தான் சென்றோம்.