பொற்காலம் எந்தக் கரையில்?

கழிந்த காலத்தை எண்ணி ஏங்காத மனிதர் இலர். ‘அந்தக் காலம்போல் இனி வருமா?’ என்னும் பெருமூச்சு நம் திண்ணைகளிலும் திருமண வீடுகளிலும் கோயில் முற்றங்களிலும் நாள்தோறும் கேட்பதுதான். நினைவு இல்லையேல் நன்றி இல்லை; நன்றி இல்லையேல் குடும்பமும் ஊரும் நாடும் இல்லை. ஆகவே நினைவை நாம் அறத்தின் வரிசையில் வைக்கிறோம். ஆனால், பின்னோக்கியே பார்த்து நடப்பவன் தன் எதிரே வருபவரைக் காண்பதில்லை என்பதும் நாம் அறிந்ததே. அப்படியாயின், சென்ற காலத்தின்மீது நாம் கொள்ளும் ஆசை எந்த எல்லைவரை அன்பு? எந்த எல்லைக்கு அப்பால் அது தப்பியோட்டம்? இக்கேள்வியைச் சோழநாட்டின் தென்கிழக்கு முனையில் நின்று எண்ணிப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

கற்பனைப் படகு

வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் இடத்தில், கரை மேற்கு நோக்கி வளையும் மூலையில் இருக்கிறது கோடியக்கரை. சதுப்பும் உப்பளமும் காடும் சூழ்ந்த சிற்றூர். இவ்வூரைத் தமிழ் படிக்கும் இல்லங்களுக்கெல்லாம் அறிமுகம் செய்தவர் கல்கி. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னில் பூங்குழலி படகு செலுத்துவது இங்கிருந்துதான். வந்தியத்தேவன் இலங்கைக்குப் புறப்படுவதும், புதைசேற்றில் சிக்கித் தவிப்பதும் இங்கேதான்.

அந்த நாவல் தொடங்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் முதற்பக்கத்திலேயே வாசகரைக் கற்பனைப் படகொன்றில் ஏற்றிக்கொண்டு, நூற்றாண்டுகளை நொடிகளாகக் கடந்து, 982 ஆண்டுகளுக்கு முந்திய ஆடிப் பெருக்கில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார். காலப் பயண இயந்திரம் என்னும் சொல் நம் திரைப்படங்களில் புழங்குவதற்கு நெடுநாள் முன்பே, காதலும் நகைச்சுவையும் கலந்த ஒரு காலப் பயணத்தைத் தமிழர் வாரம் தவறாமல் மேற்கொண்டிருந்தனர் என்பது மிகையன்று.

மணிரத்னத்தின் இயக்கத்தில் இக்கதை 2022லும் 2023லும் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தபின், புதிய தலைமுறையும் அப்படகில் ஏறிக்கொண்டது. நாவலின் வழித்தடத்தைப் பின்பற்றும் சுற்றுலாக்களும் ஏற்பட்டன. பூங்குழலியைத் தேடி வருவோர் இங்கே காண்பது குழகர் கோயிலையும், மான்கள் மேயும் புல்வெளியையும், மீன் காயும் கரையையும்தான். சோழர் காலத்தது என்று வழிவழியாகச் சொல்லப்பட்ட செங்கல் கலங்கரையின் எச்சமும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் சிதைந்துபோயிற்று. வந்தவர்கள் சற்று ஏமாற்றத்துடன் திரும்புகிறார்கள். அந்த ஏமாற்றத்திலிருந்தே நம் சிந்தனை தொடங்கலாம்.

நள்ளிரவு வரும் வண்டி

வுடி ஆலன் எழுதி இயக்கி 2011இல் வெளிவந்த ‘மிட்நைட் இன் பாரிஸ்’ என்னும் படம் இதே ஏமாற்றத்தை நகைச்சுவையாகச் சொல்கிறது. கில் என்னும் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளன் தன் வருங்கால மனைவியுடன் பாரிசுக்கு வருகிறான். 1920களின் பாரிசே உலகின் பொற்காலம் என்பது அவன் நம்பிக்கை. ஒருநாள் நள்ளிரவில் பழைய கார் ஒன்று அவன்முன் வந்து நிற்கிறது. அது அவனை ஹெமிங்வேயும் ஃபிட்ஸ்ஜெரால்டும் கெர்ட்ரூட் ஸ்டைனும் உலவும் அந்தக் காலத்திற்கே அழைத்துச் செல்கிறது. அங்கே அட்ரியானா என்னும் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவளுக்கோ தான் வாழும் 1920கள் சலிப்பூட்டுகின்றன. 1890களின் பாரிசே அவளுடைய கனவு. இருவரும் அக்காலத்திற்கும் சென்று சேர்கிறார்கள். அங்கே துலூஸ்-லோத்ரெக், கொகேன், தெகா ஆகிய ஓவியர்கள் தங்கள் காலம் வெறுமையானது என்றும், மறுமலர்ச்சிக் காலமே உயர்ந்தது என்றும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள்!

அந்தக் கணத்தில்தான் கில் விழித்துக்கொள்கிறான். ஒவ்வொரு காலத்தவரும் தமக்கு முந்திய காலத்தையே பொற்காலம் என்று எண்ணியிருக்கிறார்கள். பல் மருத்துவரிடம் மரத்துப்போகும் ஊசி இல்லாத, நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இல்லாத உலகம் அது என்பதும் அவனுக்கு நினைவு வருகிறது. அட்ரியானா தன் கனவுக் காலத்திலேயே தங்கிவிடுகிறாள். அவன் திரும்பி வருகிறான்.

நம் ஏணியின் படிகள்

பாரிசில் மட்டுமா இந்த ஏணி இருக்கிறது? நாமும் படிப்படியாக இறங்கிப் பார்ப்போம். ‘பொன்னியின் செல்வ’னின் பக்கங்களை வார இதழிலிருந்து கிழித்து, மணியம் வரைந்த ஓவியங்களோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்த 1950களின் வாசிப்புக் காலம் இன்று நமக்குப் பொற்காலமாகத் தோன்றுகிறது. அந்த 1950களின் வாசகருக்கோ சோழர் காலமே பொற்காலம். சோழர் காலத்தவர் என்ன நினைத்தார்கள்? அவர்கள் நாயன்மார் காலத்தை நோக்கினார்கள். செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பி மீட்டெடுத்தார் என்று மரபு சொல்கிறது. இரண்டாம் குலோத்துங்கன் காலத்துச் சேக்கிழார் அடியார்களின் வரலாற்றைப் பெருங்காப்பியமாகப் பாடினார். நாயன்மாருள் ஒருவரான சுந்தரரும் தமக்கு முன் வாழ்ந்த தொண்டர்களின் பெயர்களைத் தொகுத்துப் பாடியவரே. இன்னும் கீழே இறங்கினால் சங்கப் புலவர் தொடித்தலை விழுத்தண்டினார் நிற்கிறார். கோலூன்றி நடக்கும் முதுமையில், மரக்கிளையிலிருந்து ஆழ்மடுவில் குதித்து மணலை அள்ளி வந்த இளமையை நினைத்து அவர் இரங்குகிறார். அதற்கும் கீழே, கடல் கொண்ட முதற்சங்கத்தையும் இடைச்சங்கத்தையும் பற்றிய கதைகள். ஏணியின் அடிப்படி நீருக்குள் மூழ்கியிருக்கிறது.

கோடியக்கரையைப் பற்றியே சுந்தரர் பாடிய பதிகம் ஒன்று உண்டு. கடற்காற்று வீசியடிக்கும் இக்கரையில் துணையின்றித் தனியே நிற்பதேன் என்று அவர் இறைவனிடம் வினவுகிறார். நாம் எந்தக் காலத்தைக் கனவு காண்கிறோமோ, அந்தக் காலத்திற்கும் முன்பே இவ்வூர் தனிமை சூழ்ந்த ஊராகத்தான் இருந்திருக்கிறது. வெறிச்சோடிக் கிடக்கிறதே என்று வருந்தும் இன்றைய பயணிக்கு இது ஓர் ஆறுதல்.

கல்லில் வெட்டிய உண்மைகள்

கற்பனைப் படகில் ஏறும்போது நாம் எந்த வேடத்தில் ஏறுகிறோம் என்பதையும் எண்ண வேண்டும். எல்லாரும் வந்தியத்தேவனாகவோ குந்தவையாகவோதான் ஏறுகிறோம். வரப்பில் நிற்கும் ஆளாக யாரும் ஏறுவதில்லை. ஆனால், கல்வெட்டுகள் அவர்களையும் மறக்கவில்லை. 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரிலேயே ‘தீண்டாச்சேரி’ என்னும் சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. திருப்பாம்புரத்தில் 1201ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சத்தில் வேளாளர் ஒருவர் தம் இரு பெண்மக்களுடன் 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டதைக் கூறுகிறது. பொன்னி பாய்ந்த நாட்டில்தான் இதுவும் நடந்தது.

அருகிலுள்ள படிக்கு வருவோம். கல்கியின் தொடர் வெளிவந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதாவது 1952இல்தான், தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக வழங்கிய வயல்களுக்கு அப்படியொரு சட்டம் தேவைப்பட்டது. அதன் பின்னரும், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். கூலி நெல்லைச் சற்றே உயர்த்திக் கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே அவர்களில் மிகப் பலர். கிறிஸ்து பிறப்பு விழாவை நாம் கொண்டாடிய இரவு அது. முப்போகம் விளைந்த அந்தக் காலத்தைப் பற்றி நாம் பேசும்போது, யாருடைய களத்தில் நெல் குவிந்தது என்று கேட்பதும் நம் கடமையாகிறது.

எதற்காக ஏங்குகிறோம்?

அப்படியானால் ஏக்கம் முழுவதுமே பொய்யா? அவ்வாறு சொல்வது அவசரத் தீர்ப்பாகும். ‘பொன்னியின் செல்வன்’ முதற்பாகம் வந்த அதே 2022 செப்டம்பரில் ‘கணம்’ என்னும் படமும் வந்தது. 1998இல் விபத்தில் இறந்த தாயைக் காப்பாற்றுவதற்காக மகன் காலத்தில் பின்னோக்கிப் போகும் கதை. அவனுக்கு அந்த ஆண்டின் பாட்டோ உடையோ பொருட்டன்று, தாய்தான் வேண்டும். நம் ஏக்கங்களில் பலவும் இத்தகையவை. ‘அந்தக் காலம்’ என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் அந்தக் காலத்தில் நம்மோடு இருந்த ஒரு முகத்தையே சொல்கிறோம்.

புனித அகுஸ்தினார் தம் அகவரலாற்று நூலின் பதினோராம் பகுதியில் காலத்தைப் பற்றி ஆழ்ந்து எண்ணுகிறார். சென்றது இப்போது இல்லை. வருவது இன்னும் இல்லை. சென்றவை நினைவாகவும், வருபவை எதிர்பார்ப்பாகவும் நம் உள்ளத்தின் நிகழ்காலத்தில்தான் இருக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. இதன்படி பார்த்தால், நம் ஏக்கம் பழங்காலத்தைப் பற்றிச் சொல்வதைவிட, இன்று நம்மிடம் எது குறைகிறது என்பதையே மிகுதியாகச் சொல்கிறது. பூங்குழலியின் படகைக் கண்டு மனம் நெகிழ்கிறவர் தம் வாழ்வில் விரிந்த கடலும் துணிவும் இல்லையே என்று வருந்துகிறார். அந்த வருத்தம் உண்மையானது. அதற்கு மருந்து பத்தாம் நூற்றாண்டில் இல்லை என்பதுதான் செய்தி.

சில ஏக்கங்கள் சாட்சியங்களாகவும் இருக்கின்றன. முன்பெல்லாம் இச்சதுப்பில் வலசைப் பறவைகள் மிகுதியாக இறங்கும் என்று ஊர்ப் பெரியவர் சொன்னால், அதை மூப்பின் புலம்பல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. 1967இல் சரணாலயமாக்கப்பட்டு, 2002இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட இடம் இது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் இக்காட்டின் மரங்களை முறித்துப் போட்டதைக் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12இல் நீர் வந்துசேருமா என்று கடைமடை உழவர் கவலைப்படுவதும் பழம்பெருமை பேசுவதாகாது. இழந்ததை அளந்து சொல்லும் நினைவு, எஞ்சியதைக் காக்க நம்மை அழைக்கிறது.

இருவகை நினைவு

திருவிவிலியத்தில் ஒரே மக்களின் இருவகை நினைவு பதிவாகியுள்ளது. எண்ணிக்கை நூலின் 11ஆம் அதிகாரத்தில், பாலைவனத்தில் களைத்த இஸ்ரயேலர் எகிப்தில் உண்ட மீனையும் வெள்ளரியையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். உணவு நினைவிருக்கிறது, முதுகில் விழுந்த அடி மறந்துபோயிற்று. இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரமோ வேறுவிதமாக நினைக்கச் சொல்கிறது. எகிப்தில் அடிமைகளாயிருந்ததை நினைவில் கொள்ளுங்கள். ஆகவே அந்நியருக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் நீதி வழங்குங்கள். அறுத்த வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை அவர்களுக்கே விட்டுவிடுங்கள் என்கிறது. முதல் நினைவு மக்களை அடிமை நாட்டிற்கே திருப்பி இழுக்கிறது. இரண்டாவது நினைவு அவர்களை அயலாரிடம் அனுப்புகிறது. முற்காலம் இக்காலத்தைவிட நன்றாயிருந்தது ஏன் என்று கேட்பது ஞானமாகாது எனச் சபை உரையாளர் எச்சரிப்பதும் இந்த வேறுபாட்டை அறிந்ததனால்தான் போலும்.

நம் ஏக்கத்தைச் சோதித்தறிய இதைவிட எளிய அளவுகோல் இல்லை. ஒரு நினைவு நம்மை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று பார்த்தால் போதும். கோடியக்கரைக்கு அண்மையிலுள்ள வேதாரண்யத்தில் 1930 ஏப்ரல் 30ஆம் நாள் இராஜாஜியும் தொண்டர்களும் உப்பு அள்ளினார்கள். அந்த நினைவைக் கொண்டாடும் நாம், இன்றைக்கு அதே உப்பளங்களில் வெயிலில் நின்று கால் வெடிக்க உழைப்பவர்களின் கூலியைப் பற்றிக் கேட்கிறோமா?

இன்று கடலில் இருப்பவர்கள்

நாவலில் பூங்குழலி ஒரே இரவில் தடையின்றி ஈழத்துக் கரையை அடைந்துவிடுகிறாள். இன்று அதே கடலில் 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோடு ஓடுகிறது. கோடியக்கரைக்கு அப்பால் வலைவிரிக்கச் சென்ற மீனவர்கள் தாக்கப்பட்டதும், சிறைப்பட்டதும், படகை இழந்து திரும்பியதும் அடிக்கடி செய்தியாகின்றன. நம் பக்கத்து இழுவைமடிகளால் வலையிழந்த வடஇலங்கைத் தமிழ் மீனவரின் துயரும் அதே கடலில்தான் இருக்கிறது. பூங்குழலிக்காகக் கண்ணீர் விடுகின்ற நமக்கு, இவர்களுக்காக ஒரு சொல் பேச மனம் வருகிறதா?

பழங்காலத்தைக் காதலிப்பதை விட்டுவிட வேண்டியதில்லை. கல்கியைப் படிப்போம், படங்களைப் பார்ப்போம், பேரப்பிள்ளைகளைக் கோடியக்கரைக்கு அழைத்துச் சென்று குழகர் கோயிலையும் காட்டுவோம். அப்படியே மீன் காயும் மணலில் சற்று நின்று, வலை பின்னுகிறவரிடம் இந்தப் பருவம் எப்படி என்று கேட்போம். ‘மிட்நைட் இன் பாரிஸ்’ படத்தின் கில், கடைசியில் தன் காலத்துப் பாரிசிலேயே, மழையில் நனைந்தபடி, பழைய இசைத்தட்டு விற்கும் ஒரு பெண்ணோடு நடக்கிறான். பழைய பாட்டை அவன் கைவிடவில்லை. அதை இன்று பகிர்ந்துகொள்ள ஒரு துணையைக் கண்டுகொண்டான்.

சிதைந்த கலங்கரையின் செங்கற்களை நாம் மதிப்பது முறையே. ஆனால், அதைக் கட்டியவர்கள் தங்கள் பழம்பெருமைக்காக அதைக் கட்டவில்லை. அன்றிரவு கடலில் இருந்தவர்கள் கரைசேர வேண்டும் என்பதற்காகக் கட்டினார்கள். இன்றிரவும் கடலில் ஆட்கள் இருக்கிறார்கள்.