ஒரு படியும் விடுபடாமல்

திருத்தணி படித்திருவிழாவில் மலையேறும் 365 படிகளுக்கும் பூசை நடக்கும். ஒரு படியும் விடுபடாது. காசநோய்ச் சிகிச்சையும் அப்படித்தான். மாதக்கணக்கில் ஒரு வேளை மருந்தும் தவறக்கூடாது.

சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிடுகிறவர்களும் சானடோரியம் என்னும் காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமடைவார்கள் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. வீட்டுச் சிகிச்சை வெல்ல மருந்து மட்டும் போதாது. மருந்து வாங்க யார் வந்தார், யார் வரவில்லை என்று குறித்துவைக்கவும், வராதவரைத் தேடிப் போகவும் ஆள் வேண்டும்.

நிர்வாக உதவியாளர்கள் அலுவலகத்தில் தினமும் செய்வது இதைத்தானே? தேதி குறிப்பது, கோப்பைச் சீராக வைப்பது, பதில் வராத இடத்தில் மறுபடி கேட்பது. மருத்துவமனைகளுக்கும் இந்த வேலை தேவை. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் பிறந்த அரவிந்த் கண் மருத்துவமனையின் வளர்ச்சியில், மருத்துவரல்லாத நிர்வாகி துளசிராஜுக்குப் பெரும்பங்கு உண்டு.

திருத்தணியில் ரயிலேறிச் சென்னை அலுவலகங்களுக்குப் போய்வரும் தம்பி தங்கைகளே, டாக்டராக முடியவில்லையே என்று ஏங்காதீர்கள். உங்கள் ஒழுங்கும் நினைவாற்றலும் நோயாளிக்கு உதவும். தமிழோடு தெலுங்கும் தெரிந்திருந்தால், எல்லையோரக் கிராமங்களில் அது இன்னும் பெரிய பலம். தொண்டு மருத்துவ நிறுவனங்களில் மேசை வேலையும் உயிர் காக்கும் வேலைதான். சம்பளம், பணி நிலைமை எல்லாவற்றையும் தெளிவாகக் கேட்டறிந்து, துணிந்து விண்ணப்பியுங்கள்.