தவக்குலா, சிக்கனமா?

கை நெருக்கடி வந்தால், பலன் கண்ணுக்குத் தெரியாத செலவைத்தான் மனிதன் முதலில் நிறுத்துகிறான். வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் இன்ஷூரன்ஸ் பிரிமியம் அத்தகையது. மகளின் நிக்காஹ், வியாபாரத்தில் நஷ்டம், வாடகை பாக்கி எனச் சுமை கூடியதும், “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று கூறிப் பாலிசியைக் காலாவதியாக விட்டுவிடுகிறோம். இது தவக்குலாகுமா?

இன்ஷூரன்ஸ் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985-ல், குறித்த பிரிமியம் செலுத்தும் வணிக இன்ஷூரன்ஸ் ஹராம் என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறை ஆகுமானது என்றும் தீர்மானித்தது. சிரியா நாட்டு அறிஞர் முஸ்தஃபா அஸ்ஸர்கா அவர்களோ இன்ஷூரன்ஸை அனுமதித்தார்கள். இதில் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டு நடப்பதே முறை. ஆனால், பேணுதலுக்காக விடுகிறவர் பணம் புழங்கிய காலத்திலேயே விட்டிருப்பார். கையில் காசிருந்தபோது கூடுமாயிருந்தது, காசு வற்றியதும் கூடாததாகிவிடாது. நம் நெஞ்சை நாமே ஏமாற்றக் கூடாதல்லவா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் அறிவோம். கயிறு வாங்கக் காசில்லாதவன் என்ன செய்வான்? ஒட்டகத்தின் அருகிலாவது விழித்திருப்பான்.

பாலிசி எடுத்திருப்பவர் முதலில் தொகையைச் சரிபார்க்கட்டும். நெருப்பில் எரிவது கட்டடமே, மனை எரியாது. திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு இன்ஷூர் செய்தால் போதும். மனையின் விலையையும் சேர்த்துப் பிரிமியம் கட்டுவது வீண். அதுவும் இயலாதவர், பழைய மின்கம்பிகளை மாற்றட்டும். மழைக்கு முன் ஓட்டையும் வடிகாலையும் பார்க்கட்டும். வாடகையில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கட்டும்.

இன்னொரு ஹக்கும் இருக்கிறது. குடியிருப்பவர் தந்த அட்வான்ஸ் நமது சொத்தன்று. திருப்பித் தரவேண்டிய கடன். அதையும் செலவழித்துவிட்டு, பாலிசியையும் கைவிட்டிருக்கும் நிலையில் கூரை இடிந்தால், அவர் பிள்ளைகளோடு எங்கே போவார்? கட்டடத்துக்கு எடுத்த பாலிசி அவருடைய பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நஷ்டஈடு தராது என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்வதும் நம் கடமை.

நம் பொருளை நாம் துணிந்து ஆபத்தில் விடலாம். பிறர் பொருளை அவ்வாறு விட்டுவிட்டு அதற்குத் தவக்குல் எனப் பெயரிடுவது தகாது. முயற்சியையும் முழு நம்பிக்கையையும் ஒருங்கே பேணும் நற்பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.