ஊசியும் பொறுமையும்

1944 பிப்ரவரி 22, மகா சிவராத்திரி. புனேயின் ஆகா கான் மாளிகைச் சிறையில் காந்தியின் மனைவி கஸ்தூர்பாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பல ஆண்டு மார்ச்சளித் தொல்லை, இதய நோய், அதன்மேல் நிமோனியா. மகன் தேவதாஸ் கல்கத்தாவிலிருந்து விமானத்தில் பெனிசிலின் வரவழைத்திருந்தார். போர்க்காலத்தில் அது கிடைப்பதே அரிது. ஆனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி குத்த வேண்டும் என்று தெரிந்ததும் காந்தி மறுத்தார். இனி கடவுளிடம் விட்டுவிடுவோம் என்பது அவர் வாதம். அன்று மாலையே கஸ்தூர்பா இறந்தார்.

இதே ஊரில்தான் 20 ஆண்டுகளுக்கு முன் காந்தி கத்திக்கு உடம்பைக் கொடுத்தார். 1924 ஜனவரி 12 இரவு, சாசூன் மருத்துவமனையில் கர்னல் மேடக் அவருக்குக் குடல்வால் அறுவை செய்தார். நடுவில் மின்சாரம் போக, அரிக்கேன் வெளிச்சத்தில் வேலையை முடித்தார்கள். 1909-ல் எழுதிய ‘இந்திய சுயராஜ்ய’த்தில் மருத்துவமனைகளைப் பாவம் வளர்க்கும் இடங்கள் என்று சாடியவர் அவர். அறுவைக்குப் பிறகு எழுதிய கடிதமொன்றில், நோய் வந்ததற்கும் அறுவைக்கு இணங்கியதற்கும் தன் மனப்பலவீனமே காரணம் என்றார்.

நெடுநாள் நோயாளிகளை ஊசியைவிட அதிகமாகக் குத்துவது, நோய்க்குத் தானே காரணம் என்ற இந்தக் கணக்குதான். ‘என்ன பாவம் செய்தேனோ’ என்று தொடங்கி, வலிக்கிறது என்று சொல்வதே பக்திக் குறைவு என்பதில் போய் நிற்கும்.

கீதை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது, உண்மைதான். குளிரும் வெயிலும்போல இன்பதுன்பங்கள் வந்துபோகும் என்று கண்ணன் சொன்னது அர்ஜுனனிடம், அவன் பட வேண்டியதைப் பற்றி. பிறர் உடம்பின் வலியைப் பக்கத்தில் நிற்பவர் தீர்மானிக்க அதில் இடமில்லை. ஆனால் ஆகா கான் மாளிகையில் வாதம் நடந்தது தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே.

தமிழ்ச் சைவத்தில் வேறொரு வழி உண்டு. சூலை நோய் குடலை முறுக்க, திருவதிகைக்குப் போன அப்பர் வாய்மூடிப் பொறுக்கவில்லை. தான் செய்த கொடுமை இன்னதென்றே தெரியவில்லை என்று சிவனிடமே முறையிட்டார். அந்த முறையீடு நான்காம் திருமுறையின் முதல் பதிகமாக இருக்கிறது.

கஸ்தூர்பா இறந்து 10 ஆண்டுகளில், 1954-ல், புனேயை அடுத்த பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற மருந்து நிறுவனம் பிறந்தது. யுனிசெஃப் இயந்திரங்கள் கொடுத்தது. உலக சுகாதார நிறுவனம் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுத்தது. மறு ஆண்டே பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. விமானத்தில் வந்த மருந்து உள்ளூர்ச் சரக்கானது.

பெனிசிலினின் நெடுநாள் வேலை செய்யும் வடிவம் பென்சதீன் பெனிசிலின். ருமாட்டிக் காய்ச்சலில் இதய வால்வு கெட்ட பிள்ளைகளுக்கு, காய்ச்சல் திரும்பாமலிருக்க மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இதைப் போடுகிறார்கள். பத்தாண்டு, சிலருக்கு அதற்கும் மேல். மருந்து கெட்டியானது, இடுப்பில் ஏறும்போது கடுமையாக வலிக்கும். மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிக்னோகெயின் கலந்தால் வலி குறையும். பயந்து ஊசியைத் தவறவிட்டால் வால்வு மேலும் கெடும்.

இந்த ஊசிக்குப் பின் நேர்ந்த சில மரணங்களுக்கு ஒவ்வாமையையே காரணமாகச் சொல்லிவந்தார்கள். 2022-ல் அமெரிக்க இதயச் சங்கம் வேறு காரணத்தைச் சுட்டியது: வலியாலும் பயத்தாலும் ரத்த அழுத்தம் சரிந்து, ஏற்கெனவே நலிந்த இதயம் தாங்காமல் போயிருக்கலாம். வால்வு மிகவும் பழுதான நோயாளிகளுக்கு மாத்திரையே மேல் என்றும் பரிந்துரைத்தது. ஊசி போடுமுன் பிள்ளையிடம் போன தடவை எப்படி இருந்தது, தலை சுற்றியதா, மயக்கம் வந்ததா என்று கேட்பதும் அதனால் சிகிச்சையில் சேர வேண்டும்.